உயரக் கட்டடம் கட்டக் கற்க எந்தப் படிப்பு: சிவிலா, கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்டா, கியூ.எஸ்.ஸா?

ஒவ்வொரு வருஷமும் அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பம் நடக்கும் சமயத்தில் சொந்தக்காரப் பிள்ளைகளிடமிருந்தும் அவர்கள் அம்மா அப்பாவிடமிருந்தும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: மெர்டேக்கா 118 மாதிரி பெரிய கட்டடமெல்லாம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று படிக்கணும், எந்தக் கோர்ஸ் எடுக்கலாம்? நான் கோலாலம்பூரில் கான்டிராக்டர் பக்கம் வேலை பார்ப்பவன், சொந்த ஊர் பினாங்கு, அதனால் இரண்டு ஊர் நிலவரமும் ஓரளவு தெரியும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கும் பிசிக்ஸும் கைவசம் இருந்தால் சிவில் இன்ஜினியரிங் எடுங்கள். இத்தனைக்கும், கட்டும் முறைகளைப் பற்றி அதிகம் சொல்லித்தரும் படிப்பு சிவில் கிடையாது, கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்தான். பாடத்திட்டத்தை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தால் சி.எம். பக்கம்தான் கிரேன், ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை), ஐ.பி.எஸ். (பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து கட்டும் முறை), வேலை அட்டவணை எல்லாம் நிறைய இருக்கும். அப்படியிருந்தும் ஏன் சிவில் என்கிறேன் என்பதைத்தான் கீழே விளக்கப் பார்க்கிறேன், யாருக்கு அது சரிவராது என்பதையும் சேர்த்து.

மூன்று படிப்பையும் ஒரே வேலையின்மேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் ராஃப்டை எடுத்துக்கொள்வோம், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்களான பைல்களின் தலைமேல் கிடக்கும் அந்தப் பெரிய கான்கிரீட் தளம். தடிமன் மட்டும் 4.5 மீட்டர். ஒரு கோபுரத்துக்கு 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றினார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 244 கன மீட்டர் வரும், ஒரு மிக்ஸர் லாரி 8 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு லாரி வந்து கொட்டிவிட்டுப் போக வேண்டும், இரவும் பகலுமாக, இரண்டு நாளுக்கும் மேலாக.

சி.எம். படித்தவர் இதைப் பார்த்ததும் கேட்பது லாரியைப் பற்றித்தான். கான்கிரீட் கலக்கும் எத்தனை பேட்சிங் பிளாண்டிலிருந்து வருகிறது, ஒரு பிளாண்ட் படுத்துவிட்டால் மாற்று எது, எத்தனை பம்ப், எந்த மூலையில் ஆரம்பித்து எந்தப் பக்கம் நகர்வது, முன்னால் ஊற்றியது இறுகுவதற்குள் அடுத்தது வந்து சேருமா, கோலாலம்பூரின் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, இரவு ஷிப்டுக்கு யார் பொறுப்பு. இதெல்லாம் சின்ன விஷயமென்று நினைக்காதீர்கள், இதில் ஒன்று பிசகினாலும் ராஃப்ட் நடுவில் ஒட்டாத கோடு ஒன்று நிரந்தரமாக விழுந்துவிடும்.

கியூ.எஸ்., அதாவது குவான்டிட்டி சர்வேயிங் படித்தவர் அதே குழியைப் பார்த்தால் கான்கிரீட் இத்தனை கன மீட்டர், கம்பி இத்தனை டன், ஓரப் பலகை இத்தனை சதுர மீட்டர் என்று அளக்கிறார். மழையால் வேலை நின்றால் கால நீட்டிப்பு உண்டா, அந்த நஷ்டம் யார் தலையில், ஒப்பந்தம் கட்டடக் கலைஞர் சங்கத்தின் பி.ஏ.எம். படிவமா, அரசாங்க வேலைக்கான பி.டபிள்யூ.டி. 203ஏ-யா, டிசைன் பாதியில் மாறினால் எந்த விலைப்படி கணக்குப் போடுவது. சம்பளம் வருவதே முடித்த வேலைக்குப் பணம் கேட்டு இவர் தயாரிக்கும் கிளெய்மில்தான், அதனால் சைட்டில் யாரும் இவரைப் பகைத்துக்கொள்வதில்லை.

சிவில் படித்தவருக்கு அந்த 4.5 மீட்டர் தடிமனே கவலை. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளப்பும், இத்தனை தடிமனில் நடுவில் உள்ள சூடு வெளியேற வழியில்லை. நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டாமலும், நடுவுக்கும் மேற்பரப்புக்கும் வித்தியாசம் 20 டிகிரி சொச்சத்துக்குள்ளும் இருக்கும்படி பார்ப்பார்கள், தவறினால் விரிசல். அதற்காக சிமெண்டின் ஒரு பகுதியைக் குறைத்து ஃபிளை ஆஷோ (நிலக்கரிச் சாம்பல்) ஸ்லாகோ (இரும்பு உலைக் கசடு) சேர்ப்பது, உள்ளே தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கம்பியைப் புதைத்து அளப்பது என்று போகும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மேற்பரப்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது தப்பு, போர்த்திச் சூடாக வைக்க வேண்டும், அப்போதுதான் உள்ளும் புறமும் ஒன்றாக ஆறும். சைட்டில் புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

இந்த மூன்றில் எது உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை, மூன்றில் ஒருவர் இல்லையென்றாலும் அந்த ராஃப்ட் இல்லை. நான் பார்ப்பது வேறு கணக்கு. எதைப் பிறகு வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ள முடியும், எதை முடியாது? லாரி வரிசையும் ஷிப்டும் ஒரு நல்ல புராஜெக்ட் மேனேஜருக்குக் கீழே சில பெரிய கான்கிரீட் வேலைகளில் நின்றால் பிடிபட்டுவிடும். ஒப்பந்தச் சட்டத்தைக்கூடக் கொஞ்சம் கஷ்டப்பட்டால் முப்பது வயதில் படித்துக்கொள்ளலாம். ஆனால் சுமை எந்த வழியாக எங்கே இறங்குகிறது, மண் ஏன் நகர்கிறது, கான்கிரீட் எப்போது எவ்வளவு தாங்கும் என்பதை வேலைக்குப் போன பிறகு யாரும் உட்கார்த்திச் சொல்லித்தர மாட்டார்கள், அவர்களுக்கு நேரமும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் அதற்காகவே ஒதுக்கித் தருகிறார்கள் என்றால் அந்த நேரத்தை அதற்கே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இன்னொரு காரணமும் உண்டு, இது உயரக் கட்டடத்துக்கே உரியது. கட்டி முடித்த கட்டடம் வேறு, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் வேறு. முடிந்த கட்டடத்துக்குக் கன்சல்டன்ட் டிசைன் கொடுத்துவிடுவார். நடுவில் உள்ள இரண்டு மூன்று வருஷம் அது எப்படி நிற்கப் போகிறது என்பது கான்டிராக்டர் தலைவலி. புதிதாக ஊற்றிய தளம் தன் சொந்தப் பாரத்தையே தாங்கத் திணறும்போது அதன்மேல் அடுத்த தளத்தின் பலகையும் ஈரக் கான்கிரீட்டும் உட்காரும், அதனால் கீழே இரண்டு மூன்று தளத்துக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தைப் பங்கு போட வேண்டியிருக்கும். அந்த முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்று யார் முடிவு செய்வது? தானாக ஏறும் ஃபார்ம்வொர்க் சமீபத்தில் ஊற்றிய சுவரில் நங்கூரம் போட்டுத்தான் மேலே ஏறுகிறது, அந்தச் சுவர் அதற்குள் போதுமான பலத்தை எட்டிவிட்டதா? டவர் கிரேனைக் கட்டடத்தோடு எந்தத் தளத்தில் இழுத்துக் கட்டுவது, அந்த இழுப்பை அந்தத் தளம் தாங்குமா? இதெல்லாம் பார்க்க மேனேஜ்மென்ட் கேள்வி போலத் தெரியும், அடியில் முழுக்க சுமைக் கணக்கு. நம் நாட்டு விதிப்படி ஒரு அளவுக்கு மேல் உயரமான ஃபார்ம்வொர்க்குக்கும் சாரத்துக்கும் புரொஃபெஷனல் இன்ஜினியர் டிசைன் செய்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, சும்மா இல்லை.

இரட்டைக் கோபுரத்தையே மறுபடி பாருங்கள். இரண்டு கோபுரத்தையும் 41, 42-ஆம் மாடிகளில் இணைக்கும் பாலம் 58 மீட்டர் நீளம், தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரம். ஒரு கோபுரத்தை ஜப்பானின் ஹசாமா தலைமையிலான கூட்டணியும் மற்றதைக் கொரியாவின் சாம்சுங், குக்டோங் கூட்டணியும் கட்டின. இரண்டு கோபுரமும் காற்றில் தனித்தனியாக ஆடும், அதனால் பாலத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டிவிட முடியாது, நகர இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பாலத்தைத் தூக்கும் நாளில் பொருளை எப்படிக் கொண்டுவருவது, சாலையை எப்போது மூடுவது என்பது சி.எம்., தூக்கும்போது எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடும், காற்று எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது என்பது சிவில். மிக உயரமான கட்டடங்களில் இன்னொரு சங்கடம்: நடுவில் உள்ள கோர் சுவர்களும் ஓரத் தூண்களும் பாரத்தால் ஒரே அளவு சுருங்குவதில்லை, அதை முன்கூட்டியே கணித்து ஒவ்வொரு தளத்திலும் சில மில்லிமீட்டர் கூட்டிக் கட்டாவிட்டால் மேலே போகப் போகத் தளம் சாய்ந்துவிடும்.

சரி, சிவிலைத் தூக்கிப் பிடித்தாயிற்று, குறையையும் சொல்ல வேண்டும். நாலு வருஷத்தில் நீங்கள் படிக்கப் போவதில் பெரும்பகுதிக்கு உயரக் கட்டடத்தோடு சம்பந்தமே இருக்காது. சாலை, போக்குவரத்து, ஆறு, வடிகால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, நில அளவை எல்லாம் கட்டாயம். கட்டும் முறைகள் என்று பார்த்தால் ஒரு பாடம், அதிலும் பாதி. மெர்டேக்கா 118-ஐக் கனவு கண்டு போய், ஒரு செமஸ்டர் முழுக்க சாக்கடைக் குழாயின் சரிவைக் கணக்குப் போட்டு வெறுத்துப்போன பிள்ளைகள் உண்டு. அந்தச் சலிப்பைத் தாண்ட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்தின் உயரத்துக்கான தனிப் படிப்பு வேண்டுமென்றால் அது பெரும்பாலும் மாஸ்டர்ஸில்தான் கிடைக்கும்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது, இதைத் தெரியாமல் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சிவில் இன்ஜினியரிங் வேறு, சிவில் இன்ஜினியரிங் டெக்னாலஜி வேறு. முதலாவது, பொறியியல் பட்டங்களைச் சரிபார்க்கும் இ.ஏ.சி. மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், முடித்ததும் போர்டு ஆஃப் இன்ஜினியர்ஸில் கிராஜுவேட் இன்ஜினியராகப் பதிந்து, குறைந்தது மூன்று வருஷ அனுபவத்துக்குப் பிறகு தேர்வெழுதி புரொஃபெஷனல் இன்ஜினியர் ஆகலாம், பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ போடலாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-லிருந்து முழு உறுப்பினர், அதனால் இந்தப் பட்டத்துக்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன் பக்கமும் மதிப்பு உண்டு. டெக்னாலஜி பட்டம் டெக்னாலஜிஸ்ட் என்ற தனிப் பதிவுக்குக் கொண்டுபோகும். அது மட்டமான படிப்பு என்று சொல்லவில்லை, செய்முறை அதிகம், சைட்டுக்குப் பொருத்தமும்கூட, ஆனால் ‘ஐ.ஆர்.’ கனவோடு அதில் சேர்ந்துவிட்டுப் பிறகு புலம்பக் கூடாது. தனியார் கல்லூரிக் கண்காட்சியில் கவுன்சலர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள், இ.ஏ.சி. பட்டியல் இணையத்தில் பொதுவில் கிடக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரையும் கோர்ஸின் முழுப் பெயரையும் சேர்க்கை வருஷத்தையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கதவு ஒருவழிக் கதவு என்பதும் முக்கியம். சிவில் முடித்தவர் பிறகு சி.எம். மாஸ்டர்ஸ் போகலாம், புராஜெக்ட் மேனேஜர் ஆகலாம், டெவலப்பர் பக்கம் தாவலாம். சி.எம். முடித்தவர் திரும்பிவந்து இன்ஜினியராகப் பதிய முடியாது, மறுபடி நாலு வருஷம் உட்கார்ந்தால்தான் உண்டு. பதினெட்டு வயதில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அப்படியானால் சி.எம். யாருக்கு? பிசிக்ஸில் தட்டுத் தடுமாறுகிறவர், ஆனால் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர், பேச்சிலும் மலாயிலும் கெட்டிக்காரர், ஒரே நேரத்தில் பத்து விஷயத்தை மனதில் வைத்திருக்கக்கூடியவர், இப்படிப்பட்டவர் சிவிலில் நாலு வருஷம் சுமாரான மார்க்கோடு இழுபடுவதைவிட சி.எம்.மில் நன்றாக வந்துவிடுவார். கோலாலம்பூரில் கொண்டோ கட்டுவதில் பெரும்பாடு இப்போது தள சுழற்சிதான், ஒரு தளத்தை எத்தனை நாளில் முடிக்கிறோம் என்பது. அலுமினியம் ஃபார்ம்வொர்க்கில் சுவரையும் தளத்தையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள், பலகைகளைத் தளத்தில் விட்ட துளை வழியாகக் கையாலேயே மேல் மாடிக்குக் கடத்திவிடலாம், கிரேனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே மாதிரித் தளம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்த அலுமினியத்துக்குப் போட்ட காசு திரும்பும். (புது கொண்டோவில் சுவரில் ஆணி இறங்காமல் டிரில் தேடுகிறவர்கள் காரணத்தை இங்கே தெரிந்துகொள்ளலாம், அது செங்கல் சுவரே இல்லை.) கம்பிக்காரர், வயரிங்காரர், பலகைக்காரர் மூவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் அந்த நாட்களுக்குள் முடிக்கவைப்பது ஒரு கலை, அதை சி.எம். படித்தவர்கள் சிவில் படித்தவர்களைவிட நன்றாகவே செய்கிறார்கள். 1 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட அரசாங்கக் கட்டட வேலைகளுக்கு ஐ.பி.எஸ். மதிப்பெண் 70 வேண்டும் என்று விதி இருப்பதால் பிரீகாஸ்ட், அதாவது முன்பே வார்த்த கான்கிரீட் பாகங்கள், தெரிந்தவர்களுக்குத் தேவையும் இருக்கிறது.

கியூ.எஸ். நம் பெற்றோர்களின் செல்லப்பிள்ளை. “தாத்தா எஸ்டேட் வெயிலில் நின்றது போதும், நீயாவது ஏர்கானில் உட்காரு” என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது இதுதான், அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது. கியூ.எஸ்.ஸுக்கும் சொந்தச் சட்டமும் போர்டும் உண்டு, வேலையும் கிடைக்கிறது, பெண் பிள்ளைகள் நிறையப் பேர் நன்றாக வந்திருக்கிறார்கள். அப்பா அல்லது மாமா சின்ன கான்டிராக்டர் லைசென்ஸ் வைத்திருந்து ஜி1, ஜி2 என்ற கீழ்த் தரங்களிலிருந்து மேலே ஏறப் பார்க்கிறார் என்றால் குடும்பத்துக்கு உடனே உதவுவது கியூ.எஸ். படித்த பிள்ளைதான், ஏனென்றால் நம்மவர் சின்ன கான்டிராக்டர்கள் கவிழ்வது பெரும்பாலும் கட்டத் தெரியாமல் இல்லை, டெண்டர் விலை போடத் தெரியாமல்தான். ஆனால் “எப்படிக் கட்டுகிறார்கள்” என்ற ஆசையோடு வருகிறவருக்கு இந்தப் படிப்பு தாகம் தீர்க்காது.

ஆர்க்கிடெக்சர் பற்றி நீட்டப் போவதில்லை. அது கட்டடம் என்னவாக இருக்க வேண்டும் என்ற படிப்பு, பயணமும் நீளம், பார்ட் 1, 2, 3 என்று மூன்று கட்டமாகப் போகும். வரையும் கை இருந்தால் போங்கள்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்து டிப்ளோமா வழியாக வருவதும் நல்ல வழிதான். ஷா ஆலமிலும் ஈப்போவிலும் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா இருக்கிறது, செலவு குறைவு, பிறகு டிகிரிக்கு மாறலாம். நாட்கள் கூடும், ஆனால் டிப்ளோமா முடித்து சைட் பார்த்துவிட்டு டிகிரிக்கு வருகிறவர்கள் வகுப்பில் மற்றவர்கள் விழிக்கும்போது தலையாட்டுவார்கள்.

ஊருக்கு வருவோம். பினாங்குப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் சிவில் இன்ஜினியரிங் தீவில் இல்லை, நிபோங் திபாலில் உள்ள பொறியியல் வளாகத்தில். ஆர்க்கிடெக்சர், கியூ.எஸ்., கட்டட மேலாண்மை போன்றவை கெலுகோர் முதன்மை வளாகத்தில். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம், ஆனால் தினசரி வாழ்க்கை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலமும் கட்டடப் புலமும் கோலாலம்பூரிலேயே ஒரே வளாகத்தில் இருக்கின்றன, எது தோது என்று கடைசி நிமிஷம் வரை குழம்புகிறவர்கள் அங்கே இரண்டு பக்கத்து மாணவர்களையும் பார்த்துப் பேசலாம். தனியாரில் சுங்கை லோங் யு.டி.ஏ.ஆர்., செத்தாப்பாக் தார் யு.எம்.டி. போன்றவற்றைப் பார்க்கலாம், பி.டி.பி.டி.என். கடனையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கோலாலம்பூரின் லாபம் கண்முன் கிரேன். வேடிக்கை பார்க்கவும் இன்டர்ன்ஷிப் பிடிக்கவும் வசதி. நகரத்தின் அடியில் சுண்ணாம்புக் கல், குகை குகையாக, ஒரு பக்கம் பாறை கைக்கெட்டும், பத்தடி தள்ளிப் போனால் பாதாளம். இரட்டைக் கோபுரத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருந்தது, அப்படியும் சில பைல்கள் 100 மீட்டரைத் தாண்டி இறங்கின.

ஆனால் பினாங்கைக் குறைத்து எடைபோடாதீர்கள். 65 மாடி கொம்தார் 1986-ல் முடிந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பாரம்பரிய வட்டாரத்துக்குள் 18 மீட்டருக்கு மேல் எழும்ப முடியாது, அதனால் உயரம் எல்லாம் கடலைத் தூர்த்த நிலத்துக்கும் மலைச் சரிவுக்கும் போய்விட்டது, இரண்டுமே முரட்டு மண். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கும் முன்னால் 1993 டிசம்பரில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் போனார்கள், அங்கேயும் பின்னால் இருந்த சரிவும் அதன் வடிகாலும்தான் பிரச்சினை. கட்டும் முறை என்றதும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், பினாங்கில் படித்தால் குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிடும், மண்ணியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் நிபோங் திபாலையே சொல்வேன்.

எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் இன்டர்ன்ஷிப்பைக் கன்சல்டன்ட் ஆபீஸில் போட்டு வீணாக்காமல் கான்டிராக்டர் சைட்டில் போடுங்கள், முடிந்தால் கட்டடம் பேஸ்மெண்டில் இருக்கும்போது. சைட்டுக்குள் கால் வைக்க கட்டுமானத் தொழில் வாரியமான சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் சைட் ஆபீஸில் கழிப்பறை எப்படி என்று முதல் நாளே விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல கான்டிராக்டரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போனால் லேப் எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். விரிவுரையாளர்களில் சைட்டில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், தற்காலிக முட்டு, சாரம், கிரேன் கட்டுவது பற்றித் தனிப் பாடமாக எங்கேயாவது வருகிறதா, கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு நடக்கிற உண்மையான சைட் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.